பெயருக்கு ஒரு தலைவர்

பேரன் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறான். "காமன்வெல்த் தலைவருக்கு எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை தேர்தல், தாத்தா?" என்றான். தேர்தலே கிடையாது என்றேன். நம்பவில்லை.

புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவன் நான். 1958 அரசியல் சட்டப்படி பிரான்சும் அதன் ஆப்பிரிக்க நாடுகளும் சேர்ந்த 'கொம்யுனொத்தே'வுக்கு பிரான்ஸ் ஜனாதிபதியே தலைவர். ராணுவம், வெளியுறவு எல்லாம் பொதுவில். அதாவது பாரீஸ் கையில். 1960-லேயே நாடுகள் விடுதலை வாங்கிக்கொள்ள, அது ஏட்டில் மட்டும் மிஞ்சியது.

பிரிட்டிஷ்காரர்கள் கெட்டிக்காரர்கள். குடியரசாகப் போகும் இந்தியா மன்னருக்கு விசுவாசம் சொல்லாது. ஆனால் விலகவும் விரும்பவில்லை. 1949 ஏப்ரலில் எட்டு நாடுகள் லண்டனில் கூடி ஒரு வாசகம் கண்டுபிடித்தன: சுதந்திர நாடுகளின் கூட்டுறவுக்கு மன்னர் ஒரு சின்னம், அந்த வகையில் தலைவர். எந்த நாட்டுக்கும் அவர் உத்தரவு போட முடியாது. வேலையெல்லாம் பொதுச்செயலாளருடையது. ஆயுள் முழுக்கக் கோப்பில் குறிப்பெழுதிய குமாஸ்தாவுக்குத்தான் அந்த வாசகத்தின் அருமை தெரியும்!

பரம்பரைப் பதவியும் அல்ல. எலிசபெத் ராணிக்குப் பின் சார்லஸ் என்று 2018-ல் நாடுகளின் தலைவர்கள் கூடித்தான் முடிவு செய்தார்கள். அவர் பொறுப்பேற்ற 2022-ல் பிரெஞ்சு பேசும் காபோனும் டோகோவும் உள்ளே வந்திருந்தன, மொத்தம் 56. எனக்குச் சிரிப்பு வந்தது.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு தலைவர் இருந்தார். 1962-ல் ஆறு மாதக் கெடுவுக்குள் பெரியண்ணன் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டு எழுதிக்கொடுத்தார். அப்பா எழுதவில்லை, நான் சின்னப் பையன், அப்பா வழி. அண்ணன் பாரீஸ் போனார். அப்பா காலமானபின் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை எல்லாமே அவர் பெயரில்தான். மாப்பிள்ளை பார்த்ததில்லை, செலவில் பங்கு கேட்டதில்லை, பாதிக் கல்யாணத்துக்கு வந்ததும் இல்லை. ஆனாலும் பாகம் பிரிந்து முகம் பார்க்காத தம்பிகள்கூட அந்தப் பெயருக்குக் கீழே வரிசையாக நின்றோம்.

போன ஆடியில் அண்ணன் போய்விட்டார். தையில் பேத்திக்குக் கல்யாணம். வயதுப்படி அடுத்தவன் நான். காரைக்கால் தம்பி, "அவர் பேரென்றால் என் பேர் வேண்டாம்" என்று சொல்லியனுப்பினான். பாரீஸிலிருந்து அண்ணன் மகன், "அப்பா பேரையே போடுங்க சித்தப்பா" என்கிறான். காலமானவர் அழைப்பதாக எப்படி அச்சடிப்பது?

அச்சகத்துக்காரர் இரண்டு முறை ஃபோன் செய்துவிட்டார். மேல் வரி இன்னும் காலியாக இருக்கிறது.