சாளை மீனும் சம்பந்தி விருந்தும்

மீன் சந்தையில் ஒருவர் எதற்கு விலை கேட்கிறார் என்பதைக் கொண்டே அன்று அவர் வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்று சொல்லிவிடலாம். சீலாவுக்கு விலை கேட்டால் விருந்தாளி வருகிறார். சாளைக்குப் பையை நீட்டினால் வீட்டார் மட்டுமே உண்ணப் போகிறார்கள். நம் கடற்கரை ஊர்களில் எழுதாத சட்டம் இது.

தெற்கே சாளை என்றும், கேரள எல்லையை ஒட்டி மத்தி என்றும், சென்னைப் பக்கம் கவலை என்றும் இவ்வினத்துச் சிறுமீன்களை அழைக்கிறார்கள். (வாங்குவோருக்குக் கவலை தராத மீனுக்கு அப்பெயர் எப்படி வாய்த்ததோ!) ஒரு கிலோ சீலா வாங்கும் பணத்தில் மூன்று நான்கு கிலோ சாளை கிடைத்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அப்போது பெரிய மீனின் விலை நம் கைக்கு எட்டாது. நாட்டுப்படகுகள் கொண்டுவரும் சாளைதான் அந்நாட்களில் நம் அடுப்பைக் காக்கிறது.

ஆனால் சாளை காத்திருக்காத மீன். கொழுப்பு மிகுந்ததாதலின் விரைவில் கெடும். கண் தெளிந்திருக்கிறதா, செவுள் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பதோடு வயிற்றையும் பார்க்க வேண்டும். பழகிய மீனில் முதலில் வெடிப்பது அதுவே. காலையில் வாங்கியதை நண்பகலுக்குள் சமைத்துவிடுவதே எங்கள் வீட்டு வழக்கம். செதிலை உரசி, தலையைக் கிள்ளி இழுத்தால் குடலும் உடன் வந்துவிடும், அரிவாள்மணைகூடத் தேவையில்லை. கல்லுப்பிட்டு அலசி, அரிசி கழுவிய நீரில் ஒருமுறை கழுவினால் வீச்சம் அடங்கும்.

ஒரு கிலோவுக்கு எங்கள் உம்மாவின் கணக்கு இது: சிறிய எலுமிச்சை அளவு புளி, ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், ஆறேழு பல் பூண்டு, இரண்டு தக்காளி, மிளகாய்த்தூள் இரண்டு தேக்கரண்டி, மல்லித்தூள் மூன்று, மஞ்சள் அரை. மண்சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் கால் தேக்கரண்டி வெந்தயத்தைச் சிவக்கவிட்டு, வெங்காயம், பூண்டு, தக்காளியை வதக்கித் தூள்களைச் சேர்த்துப் புளிக்கரைசலை ஊற்றுவார். பச்சை வாடை போய் ஆணம் நன்கு கொதித்த பின்னரே மீன். அதன்பின் கரண்டிக்கு அங்கே வேலையில்லை. சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். ஏழெட்டு நிமிடத்தில் இறக்கிவிடலாம். மாங்காய்க் காலமாயின் புளியைப் பாதியாகக் குறைத்துவிடுவார்.

பொரிப்பதாயின் தோசைக்கல்லில் சில துளி எண்ணெயே போதும். மீதியை மீனே விடும்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மே மாதத்து வெள்ளிக்கிழமை, எங்கள் தங்கையைக் கட்டிக்கொடுத்த வீட்டார் நால்வர் சொல்லாமல் வந்துவிட்டனர். அடுப்பில் சாளை ஆணம். அந்த மாதம் வளைகுடாவிலிருந்து வரவேண்டிய பணம் வந்து சேரவில்லை. சீலா வாங்குவதென்றால் கடன்தான் சொல்ல வேண்டும். நாங்கள் அஞ்சியது எங்கள் மானத்துக்காக அன்று. ‘உன் வாப்பா வீட்டில் சாளைதானே வைத்தார்கள்’ என்று நாளை ஒரு சொல் விழுந்தால், அது தங்கையின் தலையில் அன்றோ விழும்?

கடனுக்கு ஆளனுப்பலாமா என்று நாங்கள் பேசிக்கொண்டிருக்கையில், “எல்லோருக்கும் இலையைப் போடுங்கள். நேற்று உண்டதைத்தானே இன்றும் உண்ணப் போகிறோம், அவர்களுக்கு மட்டும் என்ன ஒளிவு?” என்று சொல்லிவிட்டு, உம்மா இன்னும் பத்து மீனைக் கல்லில் போட்டார்.

சம்பந்தியம்மா இரண்டாம் முறை ஆணம் கேட்டு வாங்கினார். தம் வீட்டில் மருமக்கள் யாரும் சாளை ஆய முன்வராததால் வாங்குவதையே விட்டுவிட்டதாகவும், சிறு வயதில் உண்ட ருசி இது என்றும் சொன்னார். அடுத்த வாரம் தங்கையிடமிருந்து தொலைபேசி வந்தது. மாமியார் அருகில் நிற்கிறாராம். மாங்காயை மீனுக்கு முன் போடுவதா, பின் போடுவதா என்று கேட்கிறாராம்.

“முன்னால்தான். மாங்காய் பாதி வெந்தபின் மீனைப் போடச் சொல்” என்றார் உம்மா.