பாட்டியின் அடுப்பும் என் புகைபோக்கியும்

ஜெர்மனியில் எனக்கு அது முதல் குளிர்காலம். கறுப்புக்காட்டுப் பக்கம் ஒரு பழைய வீட்டில் வாடகைக்கு இருந்தேன். கூடத்தில் ஓர் இரும்புக் கணப்பு. தோட்டத்தில் பால்மர விறகு எரித்து வளர்ந்தவளுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித் தரணுமா என்ற தெனாவட்டு எனக்கு.

படுக்கப்போகும் முன் நாலு கட்டையை அடுக்கி, காற்று நுழையும் துவாரத்தை முக்கால்வாசி மூடிவிடுவேன். விடியும்வரை கங்கு கிடக்கும், விறகும் மிச்சம். சாம்பலைப் போட்டு மூடி நெருப்பைக் காப்பாற்றுவது பாட்டியிடம் கற்றது.

பிப்ரவரியில் புகைபோக்கி துடைப்பவர் வந்தார். கறுப்பு உடுப்பு, பொன்னிறப் பொத்தான்கள். அவரைத் தொட்டால் அதிர்ஷ்டம் என்பது இந்த ஊர் நம்பிக்கை. வேண்டாம் என்று திருப்பி அனுப்பவும் முடியாது, சட்டம் அப்படி. துடைக்க வருவது தனி. அதோடு 7 ஆண்டுகளில் 2 முறை வீட்டுக் கணப்புகளை முழுசாகச் சோதிக்கவும் வேண்டும்.

கூரையில் ஏறி, இரும்புக் குண்டு கட்டிய தூரிகையைக் குழாய்க்குள் இறக்கினார். பிறகு கீழே வந்து சின்னக் கதவைத் திறந்து பார்த்தவர் என்னைக் கூப்பிட்டார். உள்ளே பொடிக்கரி இல்லை. தார் பூசியதுபோலப் பளபளப்பு.

"பொடியா இருந்தா கவலையில்ல. இது பத்திக்கும்."

விறகில் ஒரு கருவியைக் குத்தினார். ஈரம் 28 சதவீதம். 25-க்குக் கீழே இருக்க வேண்டும். ஈர விறகைக் காற்றில்லாமல் புகையவிட்டால், புகை குழாயிலேயே குளிர்ந்து தாராகப் படியும் என்றார். அது தீப்பிடித்தால் 1,000 டிகிரியைத் தாண்டும். தண்ணீர் ஊற்றவே கூடாது. ஒரு லிட்டர் நீர் சுமார் 1,700 லிட்டர் ஆவியாகிப் புகைபோக்கியையே வெடிக்க வைக்கும். தூரிகைக்கு இந்தத் தார் மசியாது; இன்னொரு நாள் ஆட்களோடு வந்து எரித்துத்தான் எடுக்கணும்.

போகும்போது கேட்டார்: "காலையில தலைவலி இருக்கா?"

இருந்தது. குளிரால் என்று நினைத்திருந்தேன். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அலாரம் வாங்கி மாட்டச் சொன்னார். துவாரத்தை மூடாதீங்க என்றார்.

பாட்டி வீட்டில் புகைபோக்கியே கிடையாது. பலகை இடுக்கு வழியாகப் புகை போகும். மீதியைப் பாட்டி சுவாசிப்பார். தோட்டத்து டிரெஸ்ஸர் இருமலுக்கு மருந்துத் தண்ணி கொடுத்தாரே தவிர, அடுப்பை வந்து பார்த்ததில்லை. பாட்டியிடமிருந்து நெருப்பைக் காப்பாற்றும் வித்தையை மட்டும் எடுத்துக்கொண்டேன். அந்த இருமலை நானும் விசாரிக்கவில்லை.

அன்று இரவு அம்மாவுக்கு போன் போட்டேன். "பாட்டிக்கு எப்பருந்தும்மா இருமல்?"

"யாரு கணக்கு வச்சா? அடுப்படியில நின்னா இருமத்தானே செய்யும்."

துவாரத்தைத் திறந்தே வைத்துவிட்டுப் படுத்தேன்.