பாக்கெட்டின் பின்பக்கம்

வெளிநாட்டுச் சந்தை என்றதும் மாணவர்களின் கை உலக வரைபடத்துக்குப் போய்விடும். மக்கள்தொகை, தனிநபர் வருமானம், வரி விகிதம் என்று அட்டவணை போடுவார்கள். எது பெரிய எண்ணோ அந்த நாடு தேர்வாகிவிடும். ஈப்போவில் வணிகம் படிக்கும் பிள்ளைகளின் குழுத் திட்டங்களுக்கு வழிகாட்டுகிற நான் முதலில் அந்த வரைபடத்தை மூடச் சொல்வேன். ஊரின் புந்தோங் பகுதிக்குப் போய், நொறுக்குத்தீனிக் கடைகள் நிறைந்த கம்போங் கச்சாங் பூத்தேயில் ஒரு பாக்கெட் வாங்கி வரச் சொல்வேன்.

எட்டயபுரம் வட்டாரத்திலிருந்து வந்த குடும்பங்கள் சென்ற நூற்றாண்டில் இங்கே வீட்டு அடுப்பில் தொடங்கிய தொழில் இது. தலையில் சுமந்தும் சைக்கிளில் கட்டியும் விற்ற கடலையும் முறுக்கும் ஓமப்பொடியும் இன்று வண்ண வண்ணப் பாக்கெட்டுகளில் அடுக்கியிருக்கின்றன. வெளியூர்க்காரர்கள் காரை நிறுத்தி அள்ளிப் போகிறார்கள். "வெளிநாட்டுக்கு அனுப்ப முடியுமா சார்?" என்று கடைக்காரர்கள் கேட்பதும் உண்டு. எங்கள் திட்டங்கள் அங்கிருந்துதான் பிறக்கின்றன.

நிஜமான நிறுவனத்தின் நிஜமான சிக்கலை மாணவர்களிடம் ஒப்படைப்பது உலகில் பலரும் செய்வதுதான். வட கரோலினா பல்கலைக்கழகத்தின் கிரீன்ஸ்பரோ வளாகத்தில் வாஸ் தாராஸ் 2010இல் தொடங்கிய 'எக்ஸ்-கல்ச்சர்' திட்டத்தில், பல நாட்டு மாணவர்கள் ஒரே குழுவாக இணையம் வழியே கூடி, நிறுவனங்கள் தரும் சிக்கலுக்கு அறிக்கை எழுதுகிறார்கள். எங்கள் ஏற்பாடு அதற்குப் பக்கத்தில்கூட நிற்காது. ஆனாலும் வேலையின் சாரம் ஒன்றுதான். 'எந்த நாடு?' என்ற பெரிய கேள்வியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. எந்தப் பண்டம், எந்தப் பாக்கெட், யார் கடைத் தட்டு என்று சிறுசாக்கிக்கொண்டே வந்தால்தான் அது பிடிபடும்.

ஒரு குழு கனடாவைப் பிடித்துக்கொண்டது. காரணங்கள் வலுவாகவே இருந்தன. டொரோண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் தமிழர்கள் நிறைய. கனடா உறுப்பினராக உள்ள சிபிடிபிபி வணிக ஒப்பந்தம் 2022 நவம்பர் 29 முதல் மலேசியாவுக்கும் நடப்புக்கு வந்துவிட்டது. வரிச் சலுகையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். முறுக்குப் பாக்கெட்டை மேசையில் வைத்து, "இதுல என்னென்ன இருக்கு?" என்று கேட்டேன்.

அரிசி மாவு, உளுந்து, எள், பெருங்காயம், உப்பு, எண்ணெய்.

"கோதுமையே இல்ல சார். குளூட்டன் இல்லன்னு முன்பக்கமே பெரிசா போட்டுடலாம்" என்றாள் ஒருத்தி.

பதிலை அப்போதே சொல்லியிருந்தால் ஒரு நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும், பாடமும் அதோடு போயிருக்கும். கடையில் எந்தப் பெருங்காயம் போடுகிறார்கள் என்று மட்டும் பார்த்துவரச் சொன்னேன். டப்பாவைத் திருப்பிப் படித்தபோது கோதுமை மாவு அதில் இருந்தது. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் ஏதாவது ஒரு மாவு கலந்திருக்கும். கனடாவில் கோதுமை, எள், நிலக்கடலை, கடுகு எல்லாமே ஒவ்வாமைப் பட்டியலில் இருக்கின்றன. லேபிள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருக்க வேண்டும். அமெரிக்காவும் 2023 ஜனவரி முதல் எள்ளைப் பட்டியலில் சேர்த்துவிட்டது. கடலை பொரித்த எண்ணெயிலேயே முறுக்கும் வேகிறதா என்ற அடுத்த கேள்வியை அவர்களே கேட்டார்கள். என் வேலை அங்கே பாதி முடிந்தது.

மீதிப் பாதி பெட்டி. கப்பலில் மற்றவர் சரக்கோடு சேர்த்துக் கொஞ்சமாக அனுப்பினால், கன மீட்டரில் கொள்ளளவு, டன்னில் எடை, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். முறுக்குப் பெட்டியில் பாதி காற்று. கிள்ளான் துறைமுகத்திலிருந்து போகும்போது அந்தக் காற்றுக்கும் சேர்த்தே பணம் கட்ட வேண்டும். அதே அளவுப் பெட்டியில் கடலை பல மடங்கு எடை பிடிக்கும். ஆனால் நிலக்கடலைக்கு அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சுச் சோதனை உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் நேரடியாகச் சாப்பிடும் நிலக்கடலையில் கிலோவுக்கு 4 மைக்ரோகிராமுக்கு மேல் அதை அனுமதிப்பதில்லை. ஆக, ஓமப்பொடியா, நிலக்கடலையா, வறுத்த கொண்டைக்கடலையா என்பதே ஒரு வணிக முடிவு.

வேலையைப் பிரிப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அத்தியாயம் பிரித்துக் கொடுத்தால் ஆளுக்கொரு தனிக் கட்டுரை எழுதி, கடைசி இரவில் ஒட்டித் தருவார்கள். பண்டம் பிரித்துக் கொடுத்தால் முறுக்குக்காரன் கடலைக்காரியோடு சண்டை போட்டே ஆக வேண்டும். கொடுத்த பண்டத்தை அடுப்பிலிருந்து அந்நிய ஊர்த் தட்டு வரை அவரவர் சுமக்க வேண்டும். சும்மா பெயர் மட்டும் போட்டுக்கொள்கிறவர் அதில் ஒளிய முடியாது.

ஸ்கார்பரோவில் இருக்கும் அத்தையைக் கடைக்கு அனுப்பிப் படம் எடுத்து வாங்கினான் கனடாக் குழுப் பையன் ஒருவன். தட்டு நிறைய அங்கேயே போட்ட மிக்சரும் முறுக்கும். விலையும் நாம் போட்டிபோடக்கூடியதாக இல்லை. குழுவின் முகம் சுண்டிப்போனது. நாட்டை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். 'முறுக்கைக் கனடாவுக்கு அனுப்பாதீர்கள், காரணங்கள் இவை' என்று கணக்கோடு எழுதும் அறிக்கை கடைக்காரரின் சேமிப்பைக் காப்பாற்றும். மதிப்பெண் குறையும் என்ற பயத்தில் எல்லா நாட்டுக்கும் 'போகலாம்' என்று எழுதப் பழகிவிட்டவர்கள் நாளை இன்னொருவர் முதலை வைத்து அதையே செய்வார்கள்.

இப்போது அறிக்கை கைக்கு வந்ததும் முன்னுரையைத் தாண்டிக் கடைசிப் பக்கத்துக்குப் போகிறேன். புந்தோங் கடைக்காரர் நாளைக் காலையில் கடை திறந்ததும் செய்யக்கூடிய ஒரு வேலையாவது அங்கே இருக்கிறதா என்று பார்க்கிறேன். அந்தக் குழு மூன்று எழுதியிருந்தது: கோதுமை கலக்காத பெருங்காயம் தேடுவது, கடலைக்குத் தனிச் சட்டி, கொண்டைக்கடலைக்குச் சின்னப் பெட்டி. கனடா இல்லாவிட்டாலும் மூன்றும் எந்த ஊருக்கும் பொருந்தும். நல்ல மதிப்பெண் போட்டேன்.