அண்ணன் வாங்கிய புல்லட்டும் புது பிரேக்கும்



போன வாரம் நான் போட்ட புல்லட் படத்தைப் பார்த்துவிட்டு, "சார், முன்சக்கரத்துல டிஸ்க் எப்படி வந்துச்சு?" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். அண்ணன் மகன் மட்டும் வருத்தப்பட்டான். "சித்தப்பா, அப்பா விட்டுட்டுப் போன மாதிரியே வெச்சிருக்கலாமே" என்றான். அவன் கேட்டதில் நியாயம் உண்டு. எல்லோருக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

வண்டி 1984 மாடல், அண்ணன் ஆசையாக வாங்கியது. வலது காலில் கியர், இடது காலில் பின்பிரேக். முன்னும் பின்னும் டிரம் பிரேக். கொல்லிமலைப் பள்ளியில் நான் வேலை பார்த்த காலத்தில் அந்த 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் என்னைச் சுமந்தது இதுதான்.

சென்ற வருடம் அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு நானும் மனைவியும் மலையிறங்கினோம். முன்னால் பாரம் ஏற்றிய லாரி. இரண்டாவது கியரில்தான் வந்தேன். இருந்தும் வளைவுக்கு வளைவு பிரேக் பிடிக்க வேண்டியிருந்தது. பாதி மலையில் பிரேக் லீவர் கைப்பிடி வரைக்கும் வந்துவிட்டது. வண்டி நிற்க மறுத்தது. மலையோரமாக ஒதுக்கி ஒருவழியாக நிறுத்தினேன். ஷூ புதிது, கேபிளும் சரியாக இருந்தது. அரை மணி நேரம் ஆறவிட்டதும் பிரேக் தானாகவே பிடித்தது. மனைவி மட்டும், "ஏனுங்க, இனிமே நான் பஸ்ஸுலயே வந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார். மகளோ, "வண்டிய வித்துடுங்கப்பா" என்று தினமும் போன்.

காரணம் வகுப்பில் படித்ததுதான். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி மாட்டுவார்களே, ஏன்? சூட்டில் பட்டை விரியும். டிரம்மும் அப்படித்தான். ஷூ உள்ளிருந்து அழுத்துகிறது. சூடேறிய டிரம் வெளிப்பக்கமாக விரிந்து ஷூவை விட்டு விலகுகிறது. ஷூவின் லைனிங்கும் அதிகச் சூட்டில் பிடிப்பை இழக்கிறது. டிஸ்க் அப்படியில்லை. காற்றுபடத் திறந்து இருக்கிறது, சீக்கிரம் ஆறுகிறது. பேட் இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிறது.

நாமக்கல்லில் பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவன்தான் வேலையைச் செய்தான். பின்னாளில் வந்த டிஸ்க் மாடலின் ஃபோர்க், ஹப், 280 மில்லிமீட்டர் டிஸ்க். "சாதா டிஸ்க் வேணாம் சார், ஃப்ளோட்டிங் போடலாம்" என்றான். விவரம் கேட்டேன். சாதா டிஸ்க் ஒரே தட்டு. மலையில் வெளிவளையம் கொதிக்கும்போது நடுப்பகுதி அவ்வளவு சூடாகாது. வளையம் விரியப் பார்க்கும், நடுப்பகுதி விடாது. தட்டு கோணிக்கொள்ள வாய்ப்புண்டு. ஃப்ளோட்டிங்கில் இரும்பு வளையம் தனி, நடுவிலுள்ள அலுமினியத் தாங்கி தனி. இரண்டையும் பாபின் என்கிற சின்ன உருளைகள் துளி இடைவெளி விட்டு இணைக்கின்றன. ரயில் தண்டவாளத்தில் இடைவெளி விடுகிறார்களே, அதே கணக்கு. சூடானால் வளையம் தன் போக்கில் விரிந்துகொள்ளும்.

மாட்டும்போது அவன் காட்டிய பொறுமையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். டிஸ்க்கில் விரல் எண்ணெய்கூட இல்லாமல் துடைத்தான். போல்ட்டுகளை வட்டமாக வரிசையில் முறுக்காமல், எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினான். டயல் கேஜ் வைத்துச் சக்கரத்தைச் சுற்றி, தட்டு ஆடுகிறதா என்று பார்த்தான். பிரேக் ஆயில் பெயின்டில் பட்டால் அரித்துவிடும் என்று டேங்க்கைத் துணியால் மூடினான். குழாயில் ஒரு காற்றுக் குமிழிகூட வராத வரை லீவரை அழுத்தி அழுத்தி விட்டான். பள்ளியில் வீட்டுப்பாட நோட்டைக் கொண்டுவராத பையன்!

புது பேட் உடனே முழுதாகப் பிடிக்காது. அதனால் ஒரு வாரம் சமவெளியிலேயே மெதுவாகப் பிரேக் பிடித்து ஓட்டிப் பழக்கினேன். பிறகு தனியாக மலையேறி இறங்கினேன். 70 வளைவும் தாண்டிக் காரவள்ளி வந்தபோதும் லீவர் அதே இடத்தில்தான் நின்றது. அடுத்த முறை மனைவியும் ஏறினார். கீழே இறங்கியதும் பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "மேல ஒரு பலாப்பழம் வாங்கியிருக்கலாம்" என்றார். எனக்கு அதுவே போதும்.

அண்ணன் மகனுக்கு: கண்ணு, வண்டியில் எதையும் அறுக்கவில்லை, வெல்டிங் வைக்கவில்லை. பழைய ஃபோர்க், சக்கரம், டிரம் எல்லாம் கிரீஸ் தடவிச் சாக்கில் சுற்றிப் பரணில் இருக்கின்றன. நீ கேட்கும் நாளில் பழையபடி மாட்டிக்கொள்ளலாம். உன் அப்பா இந்த வண்டியை ஓட்டுவதற்குத்தான் வாங்கினார். ஓட்டாமல் திண்ணையில் நிறுத்தினாலோ, பயந்து விற்றாலோ, அவர் வண்டி என்று சொல்வதில் என்ன இருக்கிறது?

பழைய வண்டி வைத்திருக்கும் மற்றவர்களுக்கு: டிரம்மோ டிஸ்க்கோ, மலையிறங்கும்போது சின்ன கியரில் இறங்குங்கள். லீவர் கைப்பிடியை நெருங்கினால் உடனே ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள். டிஸ்க் என்றால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். எனக்குத் தெரியாததை உங்கள் வகுப்புத் தோழன் சொல்லுவான்.