உடையாமல் மலையிறக்குவோர்

தாப்பாவிலிருந்து புறப்பட்டு, காட்டு மரங்களின் நிழலில் வளைந்து வளைந்து ஏறி, ரிங்லெட்டைத் தாண்டித் தானா ராத்தாவை வந்தடையும் ஏறக்குறைய 60 கிலோமீட்டர் மலைப்பாதையில் ஒரு தரமேனும் பிரயாணம் செய்தவர்கள், அதே பாதையில் ஒரு குடும்பத்தின் பீங்கான் தட்டுகளும் கண்ணாடிப் படங்களும் ஊறுகாய் ஜாடிகளும் சிறு கீறலும் இன்றிச் சமவெளி போய்ச் சேருகின்றன என்று கேள்விப்பட்டால், அந்தக் காரியத்தைச் செய்து முடிக்கிற மனிதர்களைக் காண நிச்சயமாக ஆவல் கொள்வார்கள். அந்த ஆவலே என்னை அங்கே அழைத்துச் சென்றது.

தானா ராத்தா அமைந்திருக்கும் மலேசியாவின் கேமரன் மலையில் வீடு மாற்றுவது என்பது எல்லா ஊர்களிலும் நடப்பது போன்ற சாதாரண சம்பவம் அல்ல. 1929-ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் தோட்டம் உருவாயிற்று. காடு திருத்திக் கன்று நட்டு, கொழுந்து கிள்ளி, ஆலையில் தேயிலை வாட்டி அந்த மலைச் சரிவுகளைப் பசுங்கம்பளமாக்கிய உழைப்பில் பெரும்பங்கு தமிழர்களுடையது. ஆனால் தலைமுறை தலைமுறையாக அவர்கள் குடியிருந்த லயத்து வீடுகள் தோட்டத்துக்குச் சொந்தமானவை. வேலை முடிந்தால் வீட்டையும் விட்டாக வேண்டும். பிள்ளைகள் ஈப்போவிலோ தாப்பாவிலோ ஒரு வீடு வாங்கி, "அம்மா, அப்பா, கீழே வந்துவிடுங்கள்" என்று அழைக்கும் நாளில், முப்பது நாற்பது ஆண்டுக் குடித்தனம் அப்படியே அட்டைப்பெட்டிகளுக்குள் இறங்குகிறது.

அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தின் வீட்டுக்குத்தான் நான் போனேன். சாமான் கட்ட வந்திருந்தவர்கள் மூவர்: வயதில் மூத்த ஒருவரும், அவரை மாமா என்று அழைத்த இரண்டு இளைஞர்களும். வந்தவுடன் பெட்டியைப் பிரித்து வேலையைத் தொடங்கிவிடுவார்கள் என்று நான் எதிர்பார்த்திருக்க, மூத்தவரோ சமையலறையிலிருந்து சாமி மேடை வரையில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிதானமாக ஒரு சுற்று நடந்துவிட்டு, வீட்டுக்கார அம்மாளைப் பார்த்து, "ஏம்மா, இதுல உடைஞ்சா மனசு ஆறாதுன்னு இருக்கிறது எது?" என்று கேட்டார். அலமாரியில் பளபளத்துக்கொண்டிருந்த கண்ணாடிக் கிண்ணங்களை அந்த அம்மாள் காட்டவில்லை. "அந்த ஜாடிதாங்க ஐயா. எங்க மாமியார் ஊறுகா போட்டு வச்சது" என்று, அடுப்படி மூலையில் இருந்த மண்ணிறமும் வெண்மையும் கலந்த பழைய பீங்கான் ஜாடியைச் சுட்டினார். பொருளின் விலை ஒன்று, அதன் மதிப்பு வேறொன்று என்பதைத் தொழிலின் முதற்படியாகவே அந்தப் பெரியவர் கொண்டிருந்தது எனக்கு மிகுந்த மரியாதையை உண்டாக்கிற்று.

ஜாடியை அவர் எடுத்த விதம் கவனிக்கத்தக்கது. மூடியை அகற்றி, ஒரு கையை அடியில் கொடுத்துத் தூக்கி, மறுகையின் விரல் முட்டியால் அதன் வயிற்றிலும் கழுத்திலும் மெல்லத் தட்டிக் காதைக் கொடுத்தார். பழுதற்ற பீங்கான் கணீரென்று ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் ஓசை மங்கிவிடும். கழுத்தருகே ஓரிடத்தில் ஓசை சற்றே தாழ்ந்தது. உடனே அந்த அம்மாளை அழைத்து, அவரையும் தட்டிக் கேட்கச் சொல்லி, "இந்த இடத்துல ஏற்கெனவே மயிரிழை ஓடியிருக்கு, பார்த்துக்கோங்க. இதை நான் மடியில வச்சுக் கொண்டு வரேன்" என்றார். கட்டுவதற்கு முன்பே குறையை எடுத்துச் சொல்லிவிடுவது பின்னால் வரும் சச்சரவைத் தவிர்க்கும் உபாயம் மட்டுமன்று, எந்தப் பொருளுக்கு எவ்வளவு காவல் வேண்டும் என்று நிர்ணயிக்கிற பரிசோதனையும் அதுவே.

அதன் பின்னரே தட்டுகளின் முறை வந்தது. பெட்டியின் அடியில் கசக்கிய காகிதத்தை நான்கு விரற்கடை உயரத்துக்கு மெத்தையாகப் பரப்பி, ஒவ்வொரு தட்டையும் தனித்தனியே மூலையிலிருந்து மூலைக்குச் சுற்றி, நான்கு தட்டுகளை ஒரு கட்டாக்கி, அந்தக் கட்டை விளிம்பின் மேல் நிற்கும்படி இறக்கினார்கள். இளைஞர்களில் ஒருவன் அவசரத்தில் ஒரு கட்டைப் படுக்க வைத்தபோது, "தம்பி, படுக்கப் போடாதே, நிக்க வை. படுத்தது உடையும், நின்னது நிக்கும்" என்றார் பெரியவர். தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருக்கும்போது வண்டி குலுங்கினால், மேலுள்ளவற்றின் பாரமெல்லாம் சேர்ந்து அடித்தட்டின் நடுவில் இறங்கி அதை வளைக்கப் பார்க்கும். பீங்கானோ வளைய அறியாத வஸ்து, ஆகவே பிளந்துவிடும். நிற்கும் தட்டு தன் பாரத்தை மாத்திரமே தாங்குகிறது. கோப்பைகளுக்கு முதலில் காது, பிறகு உள்வயிறு, கடைசியில் வெளிப்புறம் என்று காகிதம் வைத்தார்கள். கனமானவை கீழும் இலேசானவை மேலுமாக நிரம்பியபின், மிச்சமிருந்த சந்துபொந்துகளில் துண்டுகளையும் தலையணை உறைகளையும் திணித்தார்கள். பெட்டியை ஒட்டிய பிறகு பெரியவர் அதை இலேசாக ஆட்டிக் காது கொடுத்துக் கேட்டார். உள்ளே ஏதேனும் சலனம் கேட்டால் தயக்கமின்றி மறுபடி பிரித்தார். இந்தக் கலையின் சூட்சுமம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது: பொருள்களை உடைப்பது பெரும்பாலும் பாரமன்று, வெற்றிடம். அசைய இடம் இல்லாத பொருளுக்கு ஆபத்து குறைவு.

மலைக்கென்று தனியான தொல்லைகளும் உண்டு. தானா ராத்தா கடல் மட்டத்துக்கு மேல் 1,400 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில், மூடுபனியும் மழையும் அடிக்கடி சூழும் இடம். ஈரம் குடித்த அட்டைப்பெட்டி வெளிப்பார்வைக்குத் திடமாகத் தோன்றினாலும் பாரம் தாங்கும் சக்தியில் பெரும்பகுதியை இழந்துவிடும். அடுக்கிய பெட்டிகளில் அடிப்பெட்டி நசுங்குவது அதனால்தான். எனவே இரட்டைச் சுவர் அட்டையையே வாங்கி, முந்தின இரவு சிமெண்டுத் தரையில் வைக்காமல் பலகையின் மேல் அடுக்கியிருந்தார்கள். அச்சிட்ட செய்தித்தாளின் மை ஈரத்தில் இளகிப் பீங்கானில் ஒட்டிக்கொள்ளும் என்று, பொருளைத் தொடும் முதற்சுற்றுக்கு அச்சடிக்காத வெள்ளைத் தாளையும் அதற்கு வெளியே செய்தித்தாளையும் உபயோகித்தார்கள். மலைமேல் இறுக மூடிய பிளாஸ்டிக் போத்தல்கள், கீழே காற்றழுத்தம் மிகுதியாவதால் சப்பிப்போகும் என்பதையும் அவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள்.

தேயிலை விளையும் மண்ணில் நின்று இந்த வேலையைப் பார்க்கையில், தேயிலைக்கும் பீங்கானுக்கும் உள்ள பழைய உறவு நினைவுக்கு வராமல் இராது. சீனத்திலிருந்து ஐரோப்பாவுக்குப் போன கப்பல்களில், நீர் கசியும் அடித்தளத்தில் ஈரத்தால் கெடாத பீங்கானையும், அதன்மேல் தேயிலைப் பெட்டிகளையும் ஏற்றுவது வழக்கம். 1752 ஜனவரியில் தென்சீனக் கடலில் பாறையில் மோதி மூழ்கிய கெல்டர்மால்சன் என்ற டச்சுக் கப்பலை 1985-இல் மைக்கேல் ஹாட்சர் கண்டெடுத்தபோது, லட்சத்துக்கு மேற்பட்ட பீங்கான் பாண்டங்கள் கடலடியிலிருந்து வெளிவந்தன. அதற்கும் முந்திய மிங் வம்சக் காலத்தில், பெய்ஜிங்கில் பீங்கான் வாங்கிய தூதர்கள் அதைக் கட்டிய முறையை ஷென் தேஃபு என்ற சீன எழுத்தாளர் வர்ணித்திருக்கிறார்: ஒவ்வொரு பாத்திரத்துக்குள்ளும் கொஞ்சம் மண்ணும் பயறும் கோதுமையும் இட்டு, அடுக்கிக் கட்டி, ஈர நிலத்தில் வைத்து நீர் தெளித்துவர, முளைத்த வேர்கள் பின்னிப் பிணைந்து அடுக்கை ஒரே கட்டியாக இறுக்கிவிடுமாம், அதைக் கரடுமுரடான தரையில் எறிந்து பார்த்து, உடையாதவற்றையே வண்டியில் ஏற்றுவார்களாம். வெற்றிடத்தை நிரப்புவதே காவல் என்பதை அந்த முளைப்பயறும் அறிந்திருந்தது. பின்னாளில், ஒட்டுப்பலகையால் செய்து உலோக விளிம்பு கட்டி உள்ளே ஈயத் தகடோ அலுமினியத் தகடோ பதித்த தேயிலைப் பெட்டிகள், தேயிலையை இறக்கிய பிறகு, இங்கிலாந்தில் வீடு மாற்றுவோரின் பீங்கானைச் சுமக்கும் பெட்டிகளாகவே நெடுங்காலம் உழைத்தன. இன்று தேயிலை பல அடுக்குக் காகிதச் சாக்குகளில் போகிறது. பலகைப் பெட்டிகள் அருகிவிட்டன.

லாரியில் ஏற்றுவது கட்டுவதைக் காட்டிலும் நுட்பமான வேலை என்பதை அன்று கண்டேன். நேர்ச்சாலையில் ஓடும் வண்டி முன்னும் பின்னும் தள்ளும். மலைவளைவில் அது இடமும் வலமும் தள்ளும். ஆகையால் பெட்டிகள் லாரியின் இரு பக்கச் சுவர்களையும் இறுகத் தொடும்படி, குறுக்கே ஒரு விரல் நுழையவும் சந்து விடாமல் வரிசை கட்டினார்கள். சாமி படங்களின் கண்ணாடிமேல் பெருக்கல் குறியாக நாடா ஒட்டி, உடைந்தாலும் சில்லுகள் படத்தைக் கிழிக்காதபடி செய்து, இரண்டு மெத்தைகளுக்கு நடுவே நிற்கவைத்தார்கள்.

ஈப்போவில் புது வீட்டு வாசலில் பெட்டிகளைப் பிரித்தபோது ஒரே ஒரு கண்ணாடித் தம்ளர் உடைந்திருந்தது. இரண்டு தம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகியிருந்தான் இளையவன். பெரியவர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. துண்டுகளைக் காகிதத்தில் பொறுக்கி அவன் கையில் கொடுத்து, விரிசல் எந்த விளிம்பில் தொடங்கியது என்று அவனையே சொல்லச் செய்தார். பிறகு வீட்டுக்கார அம்மாளிடம், "ஒண்ணு போயிடுச்சும்மா, எங்க தப்புதான்" என்று தாமே தெரிவித்தார். ஜாடி அவர் மடியிலிருந்து பத்திரமாக இறங்கிற்று.

தச்சன் செய்த நாற்காலி நாளெல்லாம் கண்முன் நிற்கும். தையற்காரர் தைத்த சட்டையை ஊரார் பார்ப்பார்கள். சாமான் கட்டுகிறவரின் திறமை பூரணமாக வெற்றி பெறும்போது, பார்ப்பதற்கு ஒன்றுமே மிஞ்சுவதில்லை. நேற்று இருந்த தட்டு இன்றும் இருக்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் இந்தத் தொழிலை வெறும் சுமைகூலி வேலை என்று பலரும் எண்ணிவிடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். வீடு மாற்ற ஆள் அமர்த்துவோர், "எத்தனை மணிக்கு முடிப்பீர்கள்?" என்று அவசரப்படுத்துவதை விட்டு, எது தங்களுக்கு அருமையானது என்பதை முன்கூட்டியே சொல்லி, போதிய காகிதத்துக்கும் போதிய நேரத்துக்கும் இடம் கொடுத்து, தொழில் தெரிந்தவருக்கு உரிய கூலியை மனமுவந்து தர வேண்டும். உடைந்த பண்டத்துக்குக் கணக்குக் கேட்கத் தெரிந்த நாம், உடையாமல் வந்து சேர்ந்த அத்தனை பண்டங்களையும் கணக்கில் வைத்து நன்றி சொல்லவும் கடமைப்பட்டவர்கள்.