மூன்றாவது தண்டவாளம்

விற்பவன் முன்னிலையில் வாங்குபவனுக்கு என்ன பலம் உண்டு என்று பலர் கேட்பதுண்டு. பலம் உண்டு, அது அவன் போடும் கூச்சலில் இல்லை, அவன் ஏற்கெனவே செய்து வைத்திருக்கும் வேலையில் இருக்கிறது என்பது என் எண்ணம். இதற்குக் கணிப்பொறிச் சரித்திரத்திலேயே நல்ல சான்று கிடைக்கிறது.

1959-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஐ.பி.எம். கம்பெனி 1401 என்னும் பொறியை வெளியிட்டது. சம்பளப் பட்டியல், சரக்கிருப்பு முதலிய அலுவலகக் கணக்குகளுக்கு அது மிகவும் உகந்ததாயிற்று. நம் இந்திய ரயில்வேயும் அறுபதுகளில் அதைக் கணக்கு வேலைக்கு அமர்த்தியது.

அதே கம்பெனியின் மற்றொரு பிரிவு 7000 வரிசைப் பெரும் பொறிகளைச் செய்து வந்தது. ஒன்றுக்கு எழுதிய நிரல் மற்றொன்றில் ஓடாது. வேலை பெருகிப் பெரிய பொறிக்கு மாற விரும்பியவர் யாவற்றையும் மீண்டும் எழுதவேண்டும். ரயில்வேக்காரனுக்கு இத்துன்பம் எளிதில் விளங்கும். மீட்டர் பாதையும் அகலப் பாதையும் சந்தித்த நிலையங்களில், மூட்டை மூட்டையாகச் சரக்கை இறக்கி மறுவண்டியில் ஏற்றிய காலத்தை மூத்த ஊழியர்கள் இன்றும் பெருமூச்சுடன் சொல்வார்கள். எப்படியும் இறக்கித்தான் ஆகவேண்டுமென்றால், அடுத்த வண்டி அதே முதலாளியுடையதாக இருக்கவேண்டும் என்று என்ன கட்டாயம்?

இந்த அபாயத்தை உணர்ந்த கம்பெனி, 1961-இல் ஒரு குழுவை அமைத்து, சிறிதும் பெரிதுமான பொறிகளையெல்லாம் ஒரே குடும்பமாக்கத் திட்டமிட்டது. ஆனால் அந்தப் புதிய குடும்பமும் பழைய 1401-இன் நிரல்களை அறியாது! 1963 டிசம்பரில் ஹனிவெல் கம்பெனி, 1401 நிரல்களைத் தன் பொறிக்கு மாற்றித் தரும் வசதியோடு 200 என்னும் பொறியை அறிவித்தது. வாடிக்கைக்காரர் பலர் அப்பக்கம் திரும்பினர். ஐ.பி.எம்.-இன் சிறுபொறிப் பிரிவினரோ, 1401-ஐயே மேலும் விரைவாக்கி விற்கலாம் என்று வாதாடினர்.

தலைமை அதற்கு இசையவில்லை. எனினும் வாடிக்கைக்காரரை அலட்சியம் செய்யவும் துணியவில்லை. 1964 ஏப்ரல் 7-ஆம் நாள் வெளியான சிஸ்டம் 360 குடும்பத்தின் சிறிய பொறியான 30-ஆம் மாடலில், 1401-இன் நிரல்கள் அப்படியே ஓடுவதற்கு உள்ளேயே வழி செய்து கொடுத்தனர். இரு அளவு வண்டிகளும் செல்லும்படி ஒரே பாதையில் மூன்றாவது தண்டவாளம் பதிப்பதில்லையா, அதைப் போன்றது இது. போட்டியிட்ட வரிசைகள் மறைந்தன. வாடிக்கைக்காரரின் பழைய உழைப்பு மறையவில்லை.

இன்று எந்த அலுவலகத்திலும் புதிய முறை வரும்போது, "பழைய பதிவேடுகள் இதில் செல்லுமா?" என்று கேட்பவரைப் பிற்போக்காளர் என நகைப்போர் உளர். ஆனால் ஓர் உலகப் பெருங்கம்பெனியைத் தன் திட்டத்தில் இடம்விட வைத்தது அந்தக் கேள்விதான். நம் இல்லங்களிலும் கணினியோ கைப்பேசியோ வாங்குமுன் விலையைக் கேட்கிறோம்; குழந்தைகளின் படங்களும் குடும்பக் கணக்கும் நாளை வேறொரு பொறிக்குச் சேதமின்றிச் செல்லுமா என்று கேட்பதில்லை. அதையும் கேட்போமாக. பலர் கேட்டால், விற்பவர் பதில் சொல்லியே தீரவேண்டும்.