மேசைமேல் மாரிக்குப்பம்

அயர்லாந்துக்குக் குடிவந்த நம்மவர் இல்லங்களில் மாடியறை ஒன்று பெரும்பாலும் பெட்டிகளுக்கே உரியதாகிவிடுகிறது. டப்ளினில் உள்ள எங்கள் வீட்டிலோ அவ்வறையை 3 ஆண்டுகளாக ஒரு புகைவண்டி நிலையம் பிடித்துக்கொண்டிருக்கிறது. 12 அடி நீளமும் 2 அடி அகலமும் உள்ள பலகையின்மேல், கோலார் தங்கவயலின் மாரிக்குப்பம் நிலையத்தைச் சிற்றுருவில் அமைத்து வருகிறேன். "இது என்ன வேலை?" என்று சங்கக் கூட்டங்களில் அன்பர் பலரும் கேட்டுவிட்டனர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விடை கூறுவதைவிட நம் இதழிலேயே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நான் பிறந்த ஊர் பேத்தமங்களா. அங்கே புகைவண்டி நிலையம் கிடையாது. பாலாற்றைத் தேக்கி அமைத்த பெரிய ஏரியே அவ்வூரின் செல்வம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏரிக்கரையில் நீரேற்று நிலையம் நிறுவி, தங்கவயல் மக்களுக்குக் குழாய்வழியே தண்ணீர் அனுப்பலாயினர். என் தந்தையார் அந்நிலையத்தில் பணிபுரிந்தவர். அவருடைய தந்தையார் வட ஆர்க்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்து, தட்டி வீட்டில் வாழ்ந்து, நிலத்தடியில் உழைத்தவர். ஆகவே, ஊர்விட்டு ஊர் செல்லுதல் எங்கள் குடும்பத்தில் என்னோடு தொடங்கியதன்று.

பேருந்தேறி உரிகம் சென்று, அங்கிருந்து புகைவண்டியில் புறப்படுவதே எங்களுக்கு வெளியூர்ப் பயணம். ஜான் டெய்லர் கம்பெனியார் 1880இல் தங்கவயலில் கால்வைத்தனர். அன்று பௌரிங்பேட்டை என வழங்கிய பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை, ஏறத்தாழ 16 கிலோமீட்டர் நீளமுள்ள கிளைப்பாதை 1894இல் திறக்கப்பட்டது. கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்று நிலையங்களைக் கடந்து மாரிக்குப்பத்தில் பாதை முடிந்துவிடும். அதற்கப்பால் வண்டி செல்ல வழியில்லை. பாதை முடியும் இடமே என்னைப் போன்ற தொழிலாளிக்குத் தக்கது. ஏன் என்பதைப் பின்னர்க் கூறுகிறேன்.

இக்கலையை நான் கற்றது அயர்லாந்துக்காரரிடம். டப்ளினுக்கு வடக்கேயுள்ள மாலஹைடு என்னும் ஊரில், இன்சிகோர் புகைவண்டித் தொழிற்சாலையில் பணியாற்றிய சிரில் பிரை என்பவர் தம் கையால் செய்த வண்டிகளைக் காட்சிக்கு வைத்திருக்கின்றனர். 1988 முதல் அவ்வூர்க் கோட்டையில் இருந்த அத்தொகுப்பு, 2020 முதல் கேசினோ என்னும் பழைய கூரை வேய்ந்த மாளிகையில் இருக்கிறது. மகளை அழைத்துக்கொண்டு சென்ற நான், அவளைக் காட்டிலும் அதிக நேரம் அங்கே நின்றேன். அயர்லாந்தில் சிற்றுருப் பாதை செய்வோருள் பலர், இன்று இல்லாத பாதைகளையே செய்கின்றனர். 1887இல் தொடங்கிய மேற்குக் கிளேர் குறும்பாதை 1961இல் மூடப்பட்டது. அதன் பெட்டியில் ஒருநாளும் அமர்ந்திராத இளைஞர்கூட அதன் நிலையக் கதவின் வண்ணத்தைப் பற்றி ஒரு மாலைப்பொழுது முழுதும் வழக்காடுவதைக் கேட்டிருக்கிறேன். நமக்கும் அத்தகைய பாதை உண்டு. பங்காருப்பேட்டையிலிருந்து கோலார் வழியாகச் சிக்கபள்ளாபூர் சென்ற இரண்டரை அடிக் குறும்பாதை, 2013க்குள் முற்றிலும் அகலப்பாதையாகிவிட்டது. அதன் கதவு வண்ணத்துக்காக வழக்காடுவார் நம்முள் எத்தனை பேர்?

தண்டவாளத்தின் அகலமே முதற்சிக்கல். பிரிட்டனின் அகலம் 4 அடி எட்டரை அங்குலம். அயர்லாந்திலோ 1840களில் கம்பெனிக்கு ஓர் அகலமாக இருந்தது. அரசாங்கத்தின் சார்பில் ஆராய்ந்த பாஸ்லி என்னும் படைத்தலைவர், ஊர்ப் பஞ்சாயத்துத் தீர்ப்பைப் போல எல்லாவற்றுக்கும் சராசரி கண்டு 5 அடி 3 அங்குலம் என்றார். 1846இல் அதுவே சட்டமாயிற்று. நம் நாட்டு அகலப்பாதை 5 அடி 6 அங்குலம். அடிக்கு 4 மில்லிமீட்டர் என்னும் அளவில் அயர்லாந்துப் பாதை 21 மில்லிமீட்டர், நம்முடையது 22. கடையில் ஆயத்தமாக விற்கும் பாதையோ பதினாறரை மில்லிமீட்டர். அதை இட்டால் நம் வண்டி ஒல்லிக்கால் கொக்கைப் போல நிற்கும். பலர் அதைப் பொறுத்துக்கொள்கின்றனர். என்னால் இயலவில்லை. அயர்லாந்துக்காரர் செப்புப்பூச்சுள்ள சிறு கட்டைகளில் தண்டவாளத்தை ஈயம் வைத்துப் பற்றவைத்துத் தாமே பாதை செய்யும் முறையை நெடுநாளாகக் கையாள்கின்றனர். அம்முறையில் ஒரு மில்லிமீட்டர் கூட்டிக்கொண்டேன், அவ்வளவே. சக்கரங்களின் அச்சையும் நீளமாக்க வேண்டியிருந்தது.

அவர்கள் முறையின் மற்றொரு சிறப்பு அடக்கம். 16 கிலோமீட்டர்ப் பாதையை முழுவதும் செய்ய 210 மீட்டர் இடம் வேண்டும். எந்த வீட்டில் இருக்கிறது? ஆகவே ஒரே ஒரு கிளை நிலையத்தை எடுத்துக்கொண்டு, வண்டி மறையுமிடத்தில் ஒரு திரையிட்டு, திரைக்குப் பின்னால் மறைவாகச் சில தண்டவாளங்களை வைத்துவிடுகின்றனர். அங்கிருந்து வரும் வண்டி வெளியுலகிலிருந்து வருவதாகப் பொருள். பாதை முடியும் நிலையமாயின் ஒரு பக்கத் திரை போதும். மாரிக்குப்பத்தைத் தேர்ந்ததன் காரணம் இதுவே. எனக்கு அத்திரையாக வாய்த்தது சயனைடு மேடு. தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய தூள் குன்றுகளாகக் குவிந்திருப்பதை அறியாத தங்கவயல் பிள்ளை உண்டோ! கம்பிவலைமேல் சுண்ணச்சாந்து பூசி, மழைநீர் அரித்த ஓடைகளைக் கரண்டிக்காம்பால் கீறி அதைச் செய்தேன். இங்குள்ள கடைகளில் நிலத்துக்கென விற்பதெல்லாம் பசும்புல். செம்மண்ணுக்குச் செங்கற்பொடியும், சருகுக்கு வீட்டுத் தேயிலைச் சக்கையும் உதவின.

இனி வழக்குக்கு வருவோம். சிற்றுரு நிலையம் செய்பவன் ஓர் ஆண்டையும் ஒரு பருவத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். பலகைமேல் உள்ள யாவும் அந்நாளுக்கு உரியனவாய் இருக்க வேண்டும் என்பது அயர்லாந்துக்காரர் விதி. தங்கவயலில் இக்கேள்வி எளிதன்று. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. நிலத்தடியில் இறைப்பு நின்றது. 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமான குழிகளில் நீர் ஏறியது. எந்நாளைச் செய்வது, அதற்கு முன்னா பின்னா?

தொலைபேசியில் தந்தையாரைக் கேட்டேன். "சங்கு ஊதிய நாளைச் செய். செத்த ஊரை மேசைமேல் வைத்து யாருக்குக் காட்டப்போகிறாய்?" என்றார். அருகிலிருந்த அண்ணன் அதை ஏற்கவில்லை. சுரங்கம் மூடியபின், விடியுமுன் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் வண்டியில் பெங்களூர் சென்று, இரவில் திரும்பி, குடும்பத்தைக் காத்தவர் அவர். அவரைப்போல ஆயிரக்கணக்கானோர் அவ்வாறே சென்றனர். இன்றும் செல்கின்றனர். "சங்கு நின்றபின் நமக்குச் சோறு போட்டது அந்த வண்டியல்லவா, அப்பா? அந்தக் கூட்டத்தை விட்டுவிட்டு வெறுஞ்சக்கரத்தைச் சுற்றிக் காட்டினால் போதுமா?" என்று கேட்டார். தந்தையார் விடையளிக்கவில்லை. அதன்பின் சில வாரங்கள், நான் பேசும்போதெல்லாம் இவ்வேலையைப் பற்றி அவர் கேட்பதையே விட்டுவிட்டார்.

நான் அண்ணன் பக்கமே சாய்ந்தேன். என்னைக் கல்லூரியில் படிக்கவைத்தது அவ்வண்டி. 2003ஆம் ஆண்டு மார்கழி, விடியற்காலை என்று குறித்துக்கொண்டேன். கடையில் வாங்கிய மனிதவுருக்கள் யாவும் ஐரோப்பிய உடையினர். மென்தாளைப் பசையில் தோய்த்துச் சேலை உடுத்தினோம். குல்லாயும் கழுத்துத்துணியும் மகள் தீட்டினாள். சோற்றுப்பையைத் தோளில் மாட்டிய ஒருவரைக் காட்டி, "இவர் பெரியப்பாவா?" என்று கேட்டாள். மூன்றாம் பெட்டியருகே அவரை நிறுத்தியவள் அவளே. பெரியப்பா அப்பெட்டியில்தான் ஏறுவார் என்று அவரிடமே கேட்டறிந்திருக்கிறாள்.

நிலையத்துக்குப் பின்னால் சுரங்கக் கோபுரம் நிற்கிறது. உண்மையில் சற்றுத் தள்ளியிருப்பதைப் பலகையின் நெருக்கடியால் கிட்டக் கொணர்ந்தேன். 2003க்குரிய காட்சியாதலின் உச்சிச் சக்கரத்தைப் பசையிட்டு ஒட்டிவிடக் கருதியிருந்தேன். அதன் படத்தைக் கண்ட தந்தையார், பல வாரங்களுக்குப்பின் தாமே என்னை அழைத்தார். "ஒட்டாதே. ஓர் ஊசியில் மாட்டி நிறுத்து. சுற்றாமல் நிற்கட்டும், பாதகமில்லை. ஆனால் சுற்றக்கூடிய சக்கரமாய் இருக்கட்டும்" என்றார். அவ்வாறே செய்திருக்கிறேன். மேலிருந்து கதவிடுக்கு வழியே காற்று வந்தால் சிறிது அசைகிறது.

சயனைடு மேட்டுக்கு அப்பால், திரையில் பேத்தமங்களா ஏரியைத் தீட்டியிருக்கிறேன். திசை சற்று மாறித்தான் வரும். குழாய்வரிசை இன்னும் பாக்கி. அதன் பருமனையும் எத்தனை கெஜத்துக்கு ஒரு தாங்குகல் என்பதையும் தந்தையார் ஒரு தாளில் எழுதி, அண்ணன் மகன் வழியாக அனுப்பிவைத்திருக்கிறார். மேடைக் கூரைக்கான தகடும் வரவேண்டும். பார்க்க விரும்பும் அன்பர்கள் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் குழந்தைகளோடு வரலாம். மூக்குக்கண்ணாடி உள்ளவர்கள் மறவாமல் கொண்டுவருக.